கராஜுக்கு வெள்ளையடித்தோம்

என் வீட்டுக்காரர் காரின் இடப்பக்க மட்காட்டைக் கராஜ் தூணில் உரசிவிட்டு இறங்கி வந்தார். வந்தவர் காரைப் பார்க்கவில்லை. தூணைத்தான் ஏசினார்.

“உந்தத் தூணை ஆர் உதிலை கட்டினது?”

கட்டியது அவர்தான். மேசனுக்குப் பக்கத்தில் நின்று, நூல் பிடித்துக் கட்டுவித்தவர். அதை நான் சொல்லவில்லை.

“தூண் நகந்து வந்திருக்கும். வயசு போனால் ஆரும் கொஞ்சம் ஆட்டம் காணுறதுதானே,” என்றேன்.

“பகிடி விடாதை. உள்ளுக்கை ஒரே இருட்டு. சாமான் வேறை குவிஞ்சு கிடக்கு. மனிசர் கார் விடுற இடமே இது?”

பங்குனி வெயில் முற்றத்து மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. கராஜின் கடைசி மூலையில் படுத்திருந்த பூனையின் மீசை கூட எனக்குத் தெரிந்தது.

இருட்டு எங்கே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு முந்தின மாதம்தான் யாழ்ப்பாணம் ரவுணில் கண் டொக்டரிடம் போய் வந்திருந்தோம். டொக்டர் ஒரு கடதாசியில் வட்டம் கீறினார். ஓரமெல்லாம் பேனையால் கறுப்படித்து, நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளை விட்டுக் காட்டினார்.

“ஐயாவுக்குக் கண்ணிலை பிறஷர். பார்வை இப்ப உப்பிடித்தான் இருக்கு. பைப்புக்குள்ளாலை பாக்கிற மாதிரி. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இந்த மருந்து. இனிமேல் வாகனம் ஓடக் கூடாது.”

பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படிக் கீறி விளங்கப்படுத்தியிருந்தால் நான் இன்னும் இரண்டு வகுப்பு ஏறியிருப்பேன். இவருக்கோ அந்தப் பேச்சில் மருந்து என்ற ஒரு சொல்தான் கேட்டது. அங்கிருந்து பண்டத்தரிப்பு வீடு வரை எங்களை ஓட்டிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். நான் பின் சீற்றில் இருந்து எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத ஒன்றிரண்டையும் கூப்பிட்டேன்.

டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. கலியாணம் கட்டின நாளில் இருந்து, அவர் உபதேசம் பண்ணத் தொடங்கினால் பக்கத்தில் நின்று முகத்தைக் கோணிக் காட்டுவது என் பழக்கம். எவ்வளவு களவாகச் செய்தாலும் கடைக்கண்ணால் பிடித்துவிடுவார். “என்னடி உந்த வாய்?” என்பார். கொஞ்சக் காலமாக அவர் பிடிப்பதில்லை. முதலில் அதை என் கெட்டித்தனம் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் வேண்டுமென்றே வாயைக் கோணினேன், கண்ணை உருட்டினேன், நாக்கையும் நீட்டினேன். அவர் தன்பாட்டுக்கு உர விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நீட்டின நாக்கை உள்ளே இழுக்க எனக்குக் கன நேரம் எடுத்தது.

அந்தக் காரில் ஹயர் ஓடித்தான் அவர் எங்களுக்குச் சோறு போட்டவர். எங்கள் ஒழுங்கையில் தாலி கட்டப் போனவர்களும் அதில்தான் போனார்கள். பிள்ளை பெறப் போனவர்களும் அதில்தான் போனார்கள். இப்போது வானும் ஓட்டோவும் வந்த பிறகு ஹயருக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் விடிந்தால் காரைத் துடைப்பார், பொழுதுபட்டால் சந்திவரை ஓடிப்போய் வருவார். காரை எடுத்துவிட்டால் அந்த மனிசனிடம் மிச்சம் இருப்பது கட்டின சாரமும் ஒரு சீப்பும்தான். தலை இருக்கும் நிலையில் சீப்பையும் கணக்கில் சேர்க்க முடியாது.

உரசின செய்தி பொழுதுபட முன்னமே கொழும்பில் இருக்கும் எங்கள் மகனுக்குப் போய்விட்டது. முன்வீட்டுக்காரி அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். எங்கள் வீட்டில் கறிக்கு உப்புக் கூடினாலும் அவனுக்குத் தெரியவரும். இரவு போன் எடுத்தான். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துக் கேட்டோம்.

“அப்பா, காரை வித்துப்போடுவம்.”

“ஏன்? கண்ணிலை ஒரு பிழையுமில்லை. கராஜிலைதான் பிழை.”

“டொக்டர் ஓடக் கூடாது எண்டு சொன்னவரெல்லே?”

“அவருக்குக் காரைப்பற்றி என்ன தெரியும்? அவரே டிறைவர் வைச்செல்லோ ஓடுறார்.”

“சரி, கராஜைத் திருத்துங்கோ. நான் சித்திரை வருசத்துக்கு வாறன். என்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு காரை எடுத்து, கீரிமலைக்குப் போய்வந்து, திருப்பிக் கராஜிலை விட்டுக் காட்டுங்கோ. பழுது ஒண்டும் வராட்டில் நான் பிறகு வாய் திறக்கமாட்டன். வந்தால் சாவியை என்னட்டைத் தரவேணும்,” என்றான்.

“தாறன்,” என்றார் இவர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

அடுத்த நாளே தொடங்கினோம். எங்கள் கராஜில் கார் ஒரு விருந்தாளி மாதிரித்தான் நின்றது. சொந்தக்காரர் மற்றச் சாமான்கள். முகட்டில் வெங்காயப் பிடி தொங்கியது. மூலையில் வேலை செய்யாத இறைப்பு மிசின். கனடாவுக்குப் போன இனசனம் வைத்துவிட்டுப் போன சூட்கேசுகள். கிழிந்த படங்கு, உரப்பை, காலில்லாத கதிரை. ஒரு பெட்டிக்குள் கோழி அடைகிடந்தது. அதைத் தூக்கி வெளியே வைத்தபோது அது எங்களைப் பேசின பேச்சை எழுத முடியாது.

ஒவ்வொன்றாக நான் வெளியே எறிய, ஒவ்வொன்றாக அவர் உள்ளே கொண்டுவந்தார். ஒரு சைக்கிள் டைனமோவை என் கையில் இருந்து பறித்தார்.

“உதை எறியாதை. சண்டைக்காலத்திலை உதாலைதான் றேடியோ கேட்டனாங்கள்.”

“ஓம், நீங்கள் மிதிக்க நான் கேட்டன். இப்ப மிதிச்சால் செய்தி வராது, இளைப்புத்தான் வரும்.”

“உனக்கு எல்லாம் பகிடி.”

“வேறை என்னத்தைச் செய்யச் சொல்லுறியள்?”

அவர் டைனமோவைத் திருப்பி என் கையில் வைத்தார். எறியச் சொல்லித் தலையால் காட்டினார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அந்த மனிசன் எதையும் எறிய விட்டதில்லை.

சுவருக்கு நான்தான் சுண்ணாம்பு அடித்தேன். கூரைத் தகரத்தின் உட்பக்கத்துக்கும் வெள்ளை அடித்தோம். முன்வீட்டுக்காரியின் மனிசன் வயறிங் வேலை செய்பவர். அவர் வந்து நடுவில் ஒரு ரியூப் லைற் போட்டார்.

“எப்பிடி மாமா?”

“நல்லாயிருக்கு. இடப்பக்கம் கொஞ்சம் இருட்டாக் கிடக்கு.”

இடப்பக்கம் ஒன்று போட்டார். “இப்ப வலப்பக்கம் இருட்டு,” என்றார் இவர். வலப்பக்கமும் போட்டார். வாசலுக்கு மேலேயும் ஒன்று. பகலிலேயே உள்ளே போனால் கண் கூசியது.

“மாமா, இனி இதுக்குள்ளை கடுகு விழுந்தாலும் பொறுக்கலாம்,” என்றார் அந்தத் தம்பி.

இவர் நடுவில் நின்று மெல்ல மெல்லத் தலையைத் திருப்பி, சுவரைத் துண்டு துண்டாகப் பார்த்தார். “ஓரத்திலை இன்னும் வெளிச்சம் காணாது.”

அந்தத் தம்பி என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரப் போனேன். குசினியில் நின்று சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கரைந்து எவ்வளவோ நேரமாகியும் கை நிற்கவில்லை.

சாமான் அடுக்கும் வேலையை அவர் என்னிடம் விடவில்லை. சுவரில் ஆணி அடித்து, ஜாக்கு ஒரு இடம், நட்டுக் கழற்றும் சாவிகள் ஒரு இடம், துடைக்கும் துணி ஒரு இடம் என்று தானே வைத்தார். வைத்துவிட்டுப் போய் வாசலில் நின்று, திரும்பி வந்து ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். அவர் கண் எதையும் தேடவில்லை. கைதான் போனது. நான் ஒரு துணியை ஒரு ஆணி தள்ளிக் கொழுவியதற்கு என்னை அடிக்காத குறை. அவர் கராஜை அடுக்கியது பார்ப்பதற்கு இல்லை, தடவுவதற்கு.

காரின் முகம் எப்போதும் வாசலைப் பார்த்து நிற்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. பின்னுக்கு எடுத்துத்தான் உள்ளே விடுவார். அதற்காகத் தரையில் கேற்றுக்கு அடித்த மிச்ச மஞ்சள் பெயின்ரால் வலப்பக்கச் சில்லுக்கு நேரே ஒரு கோடு கீறினோம். கடைசியில் சில்லு முட்டி நிற்க ஒரு பனங்குற்றி வைத்தோம். கதவால் தலையை நீட்டி, பைப்புக்குள்ளால் தெரியும் அந்த மஞ்சள் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வருவார். குற்றியில் முட்டியதும் நிற்பார். சில நாள் பழகின பிறகு தூணுக்கும் காருக்கும் இடையில் விட்ட இடைவெளி நூல் பிடித்த மாதிரி வந்தது. நான் கைதட்டினேன். பொய்யில்லை, எனக்கே ஆசை வந்துவிட்டது. டொக்டர்மாருக்கும் பிழை வருவதுதானே என்று நினைத்தேன்.

இறங்கி வந்தவருக்குப் பக்கத்தில் நின்று, அந்த வெளிச்சத்துக்குள், முகத்தை ஒருக்கால் கோணிப் பார்த்தேன். அவர் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேன். “இஞ்சாருங்கோ, தெரியேல்லை எண்டு ஒருக்கால் சொன்னால் என்ன? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“எனக்குத் தெரியாட்டிலும் காருக்குத் தெரியும்.”

“காருக்குத் தெரியுமெண்டால் அதையே தனியப் போய் வரச் சொல்லுங்கோ. நாங்கள் வீட்டிலை இருப்பம்.”

“சாவியைக் குடுத்திட்டு நான் இஞ்சை என்ன செய்யிறது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையாகவே கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டேன்.

வருசத்துக்கு மகன் தனியே வந்தான். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனையாம். கராஜுக்குள் போய் எல்லா லைற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா, எங்கடை கொழும்புப் பிளாற்றிலை இவ்வளவு வெளிச்சமில்லை,” என்றான். அவனும் ஆசைப்பட்டான் என்று தெரிந்தது. அப்பாவிடம் இருந்து சாவி வாங்க எந்தப் பிள்ளைக்கு விருப்பம்?

வருசத்துக்கு அடுத்த நாள் காலை கீரிமலைக்கு வெளிக்கிட்டோம். இவர் வேட்டி கட்டி, திருநீறு பூசி, காருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். மகன் முன் சீற்றில் பக்கத்தில் இருந்தான். நான் வழமைபோலப் பின்னால்.

நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எங்கள் பக்கத்தில் முழுவியளம் பார்ப்போம். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி எதிரே நடந்து வரவேண்டும். யார் எதிரே வருவார்கள் என்பதைக் கடவுளிடம் விட்டுவைக்க எங்களுக்குப் பயம், அதனால் ஆளை முன்னமே ஒழுங்குபண்ணிவிடுவோம். எங்கள் காருக்கு எப்போதும் முன்வீட்டுக்காரிதான். கார் கராஜில் இருந்து வெளிக்கிட, அவள் கேற்றால் உள்ளே வருவாள். இவர் கண்டு தலையாட்டும் வரைக்கும் அவள் விலகக் கூடாது. முதலே விலகினால் சகுனம் முறிந்துவிடும். இவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கும் அவளுக்குச் சொல்லிவிட்டது நான்தான். கராஜுக்குள் இருந்த ஒவ்வொரு ஆணியைப் பற்றியும் யோசித்த எனக்கு, காருக்கு முன்னால் ஒரு மனிசியைக் கூப்பிட்டு நிறுத்துகிறேன் என்பது மண்டையில் ஏறவில்லை.

கார் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தூணில் படவில்லை. மகன் திரும்பி என்னைப் பார்த்து முறுவலித்தான். இவர் வலப்பக்கக் கேற்றுத் தூணைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு போனார். அந்தப் பைப்புக்குள் அந்தத் தூணுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

முன்வீட்டுக்காரி இடப்பக்கத்தால் உள்ளே வந்தாள். பச்சைச் சீலை, இடுப்பில் பித்தளைக் குடம். சிரித்தபடி நடந்து வந்தாள். இவர் தலையாட்டட்டும் என்று வந்தாள். இவர் ஆட்டவில்லை. அவள் இன்னும் ஒரு அடி வைத்தாள்.

“அப்பா!” என்று மகன் கத்தினான்.

பிறேக் அடித்தார். அதற்கிடையில் டணார் என்று ஒரு சத்தம். அவள் செவ்வரத்தை வேலிக்குள் விழுந்து கிடந்தாள். குடம் உருண்டது. தண்ணீர் பொனற்றில் சிந்தி வழிந்துகொண்டிருந்தது.

இவர் மகன் பக்கம் திரும்பினார். “ஏன்ரா கத்தினனீ? முழுவியளத்துக்கு இன்னும் ஆள் வரேல்லை. அவ வரட்டும் எண்டுதான் மெதுவா எடுக்கிறன்.”

வேலிக்குள் இருந்துதான் குரல் வந்தது.

“மாமா, நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

இவர் காரின் மிசினை நிற்பாட்டினார். அவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் எங்களை மூடியிருந்தது போல. நின்றதும் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீர் கொளக் கொளக் என்று மண்ணில் ஊற்றுவது கேட்டது.

இறங்கினார். காரைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். “எங்கை, பிள்ளை? எங்கை பட்டது?”

“எனக்கொண்டுமில்லை, மாமா. முழங்கை கொஞ்சம் கீறினது. நான் பாஞ்சிட்டன். குடத்திலைதான் பட்டது.”

அவர் குனிந்து மண்ணில் தேடினார். குடம் அவர் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. மகன் எடுத்துக் கொடுக்கப் போக, நான் கையைப் பிடித்து மறித்தேன். ஏன் மறித்தேன் என்று தெரியாது. அவர் கை கடைசியில் குடத்தைக் கண்டது. தூக்கி நெஞ்சோடு வைத்து, சுற்றித் தடவினார். நெளிந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. உள்ளங்கை அந்தப் பள்ளத்துக்குள் முழுதாகப் போனது.

“இடுப்பிலையே வைச்சிருந்தனீ?” என்று கேட்டார்.

“ஓம், மாமா.”

“எந்தப் பக்கம்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டவில்லை.

“தட்டினால் நிமிந்திடும், மாமா. உது பழைய குடம்,” என்றாள் பிறகு. அவளுடைய தாய் அவளைப் பெறப் போனதும் இந்தக் காரில்தான். அதை அந்த நேரத்தில் ஏன் நினைத்தேனோ!

இவர் குடத்தை அவளிடம் கொடுத்தார். மடியில் கைவைத்துச் சாவி இல்லை என்று கண்டு, திரும்பக் காருக்குள் தடவி அதைக் கழற்றி மகனிடம் நீட்டினார். மகன் வாங்கவில்லை.

“பிடி,” என்றார்.

“பிறகு பாப்பம், அப்பா.”

“பிடியடா. நான் சொன்ன சொல்.”

வாங்கினான். ஆனால் காரை உள்ளே எடுக்கவேண்டுமே. அவன் ஏறி இருந்து பார்த்தான். அவன் கொழும்பில் ஓடுவது கியர் மாற்றாத கார். எங்கள் கார்க் கிழவி முக்கினாள், முனகினாள், பின்னுக்குப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். வேறு நாளாக இருந்தால் நான் அவனை ஒரு மாதத்துக்குப் பகிடி பண்ணியிருப்பேன்.

“தள்ளுவம்,” என்றார் இவர். “நான் ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறன்.”

காருக்குள் ஏறவில்லை. வெளியே நின்று கண்ணாடிக்குள்ளால் கையை விட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டார். மகனும், சத்தம் கேட்டு ஓடிவந்த முன்வீட்டுத் தம்பியும், நானும், நனைந்த சீலையோடு அவளும் முன்னால் நின்று தள்ளினோம். இவர் பக்கத்தில் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வந்தார். கோட்டையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் கொஞ்சம் திருப்பினார். குற்றியில் சில்லு முட்டியது. நேராக நின்றது. அவ்வளவு நேராக அது அதற்கு முன்னம் நின்றதில்லை.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கராஜின் பின் சுவரைப் பார்த்து நின்றான். பார்க்கிறதுக்கு அங்கே ஒன்றும் இல்லை, வெள்ளைச் சுவர்தான்.

கீரிமலைக்கு நாங்கள் போகவில்லை. மகன் சாவியைக் கொண்டு ரெயில் ஏறினான். காரை வாங்க ஒருவர் வருவாராம். அவருக்குக் கியர் போடும் விதத்தைத் தானே சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று இவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு கராஜ் பக்கம் போகவில்லை. நான்தான் தினமும் கூட்டுகிறேன். கூட்டுவதற்கு அங்கே குப்பை இல்லை. அவ்வளவு துப்புரவான ஒரு இடம் எங்கள் வளவில் எப்போதும் இருந்ததில்லை.

மகன் போன அன்று பின்னேரம், குளிக்கக் கிணற்றடிக்குப் போக இவர் எழும்பினார். படியில் நின்றார். நான் வாளியோடு முன்னால் இறங்க, பின்னால் இருந்து ஒரு கை வந்து என் தோளைப் பிடித்தது. கலியாணம் கட்டின நாளில் இருந்து கோயிலுக்கோ கடைக்கோ எங்கே போனாலும் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்த மனிசன்.

“பாத்து வாங்கோ,” என்றேன். “நான் முன்னுக்குப் போறது இதுதான் முதல் தரம். எனக்கு வழி தெரியாது.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் காலடிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக் கேட்டு நடந்தேன். வாழையடியில் ஒரு கல் கிடந்தது. கல்லு என்று சொன்னேன். தோளில் கையின் பாரம் கூடியது. கால் தூக்கி வைத்தார்.